எல்லாமே நான்தான் செய்கிறேன், மகள் ஏன் அழுகிறாள்?

கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

எழுதியவருக்கு வயது 58. ஒரே மகளுக்கு ஐந்து வாரத்துக்கு முன் சிசேரியனில் முதல் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே மகள் வீட்டுக்கு வந்துவிட்ட இவர், சமையல், துணி, குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஏப்பம் விட வைப்பது, தூங்க வைப்பது என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். மகளுக்குப் பால் கொடுப்பது ஒன்றுதான் வேலை. "ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை, டாக்டர். சின்ன விஷயத்துக்கும் என் மேல் எரிந்து விழுகிறாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்றால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். குழந்தை அழுதால் அவளுக்குக் கை நடுங்குகிறது. நான் வாங்கிக்கொண்டால் உடனே அடங்கிவிடுகிறான். அதைப் பார்த்து இன்னும் அழுகிறாள்."

போன வாரம் சமையலறைக் கத்திகளை எல்லாம் எடுத்து உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாராம் மகள். ஏன் என்று கேட்டால், "குழந்தைக்கு ஏதாவது ஆகிடுமோன்னு பயமா இருக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஒரு நாள் வாக்குவாதத்தில், "நான் இல்லாம இருந்தா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்றும் சொல்லியிருக்கிறார். மருமகன் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். டாக்டரிடம் காட்டலாமா என்று அவர் கேட்டபோது தடுத்தவர் நம் வாசகர்தான். மாத்திரை ஆரம்பித்தால் பால் கொடுக்க முடியாது, மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் மகளுக்குக் காலத்துக்கும் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். சொந்த வீட்டில் கணவர் தனியாக இருக்கிறார். ஊர் திரும்ப இரண்டு வாரத்தில் டிக்கெட்.

"இது நோயா, பிடிவாதமா? நாங்களும்தானே பெற்றோம், எங்களுக்கு இதெல்லாம் வரவில்லையே? நான் கிளம்பலாமா, கூடாதா?" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. "நான் இல்லாம இருந்தா நிம்மதி" என்று மகள் சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்று நீங்கள் கடந்து போயிருக்கிறீர்கள். கோபத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் பல நாடுகளில் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஓராண்டில் தாய்மார்கள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் தற்கொலையும் ஒன்று. அதனால் அந்த வாக்கியத்தை நாங்கள் ஒருபோதும் கோபக் கணக்கில் எழுதுவதில்லை.

வீடு சற்று அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். "அன்னைக்கு அப்படிச் சொன்னியே, உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குவார்கள். அப்படி நடப்பதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை ஒருவராவது கேட்டாரே என்ற ஆசுவாசம்தான் பெரும்பாலும் வரும். "ஆமா" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போதும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அதை இரண்டு முறை படித்தேன். குழந்தையின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈரம் செய்கிறான், எந்தப் பக்கம் படுக்க வைத்தால் தூங்குகிறான் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகளின் தையல் ஆறிவிட்டதா, எழுந்து உட்காரும்போது வயிறு இழுக்கிறதா, மார்புக் காம்பு வெடித்திருக்கிறதா, கடைசியாக எப்போது விழிக்காமல் நான்கு மணி நேரம் தூங்கினாள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அம்மா. குழந்தை பிறந்த எந்த வீட்டிலும் எல்லாக் கண்களும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் மூக்கு யாருடைய ஜாடை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து, "நீ குளிச்சியா? போய் நிதானமா குளிச்சிட்டு வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார். மற்றவர்கள் சொன்னது ஒன்றும் நினைவில்லை. அந்தக் குளியல் இன்னும் நினைவிருக்கிறது.

நோயா, பிடிவாதமா?

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் பிடிவாதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கர்ப்ப காலத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களுக்குள் சரிகின்றன. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது, மனம் ஒரு நிலையில் நில்லாதது, இதெல்லாம் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வருவதுதான். மருந்தே வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது, சிரிப்பு போய்விட்டது, தான் ஒரு பாரம் என்ற நினைப்பு, இவையெல்லாம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் பக்கம்தான் கை காட்டுகின்றன. புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரசவ வார்டில் எட்டுக் கட்டில் இருந்தால் அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்து விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோர்வு என்றால் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புதுத் தாய்மார்களிடம் அது எரிச்சலாகவும் பதற்றமாகவும்தான் அதிகம் வெளிவரும். அந்த எரிச்சல் யாரிடம் காட்டினால் உறவு அறுந்துபோகாது என்று தெரியுமோ அவரிடம்தான் காட்டப்படும். அதாவது உங்களிடம்.

"நாங்களும்தானே பெற்றோம்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இது இந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த நோய் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்களைப் பற்றி லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1858-லேயே தனி நூல் எழுதிவிட்டார். உங்கள் தலைமுறையிலும் உங்கள் அம்மா தலைமுறையிலும் இது இருந்தது, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "பிள்ளை பெத்ததுல இருந்து ஒரு மாதிரி ஆயிட்டா" என்று யாரையாவது பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அவர்களில் சிலர் இந்த நோயாளிகள்தான். இன்னொன்று, மகளிடம் இந்த வாக்கியத்தை இனிமேல் சொல்லாதீர்கள். தெம்பு கொடுப்பதற்காகத்தான் சொல்கிறீர்கள். அவள் காதில் அது "உனக்கு மட்டும்தான் முடியல" என்று விழும்.

அந்தக் கத்திகள்

உங்களை அதிகம் பயமுறுத்தியது இதுதான் என்று கையெழுத்திலேயே தெரிகிறது. என் ஊகம், மகளுக்கு மனதில் வேண்டாத காட்சிகள் ஓடுகின்றன. குழந்தை கை தவறி விழுவது போல, தண்ணீரில் மூழ்குவது போல, தன் கையாலேயே ஏதோ ஆகிவிடுவது போல. புதுத் தாய்மார்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு இப்படி ஏதாவது ஒரு காட்சி வந்துபோகும், யாரும் வெளியே சொல்வதில்லை. குழந்தைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று எந்நேரமும் காவல் காக்கும் மூளை, ஆபத்தைப் படமாகவே போட்டுக் காட்டுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் சேரும்போது அந்தப் படம் திரும்பத் திரும்ப ஓடும். காட்சியைக் கண்டு அவளே நடுங்குகிறாள், கத்தியைத் தன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிறாள். குழந்தைக்குத் தீங்கு செய்ய நினைப்பவள் அப்படிச் செய்யமாட்டாள். இப்படிப்பட்ட எண்ணத்தால் தவிக்கும் தாய் அதைச் செயலில் காட்டும் அபாயம் மிகக் குறைவு.

ஆனாலும் இது என் ஊகம்தான். மருத்துவர் நேரில் கேட்டுத்தான் உறுதி செய்ய முடியும். ஏனென்றால் ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் வேறொரு நிலை உண்டு, அது அவசர நோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், சில சமயம் தள்ளியும் வரலாம். அதில் தாய்க்குத் தன் எண்ணம் தவறாகப் படாது. நாள் கணக்கில் தூங்காமலேயே துறுதுறுவென்று இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் அல்லது குழந்தைக்குள் ஏதோ சக்தி இருக்கிறது என்று உறுதியாக நம்புவது, கூட இருப்பவர்களைச் சந்தேகப்படுவது, பேச்சு குழறித் தொடர்பறுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அந்த மணியே கிளம்ப வேண்டும். குழந்தையை அவரிடம் தனியாக விடக்கூடாது. இந்த நோயும் நன்றாகக் குணமாகக்கூடியதுதான், நேரம்தான் முக்கியம்.

மாத்திரை, பால், பெயர்

நீங்கள் தடுத்ததற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதலில் ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வந்து படபடப்பும் சோர்வுமாகக் காட்டுவதும் உண்டு. அப்புறம் ஒரு வினாப் பட்டியல் கொடுப்பார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987-ல் வெளியானது, தமிழிலும் இருக்கிறது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி. பத்தாவது கேள்வி, நான் உங்களை இன்று கேட்கச் சொன்ன அதே கேள்விதான். மதிப்பெண் கூடியிருந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை, விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

லேசான, நடுத்தரமான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். பேச்சால் என்ன ஆகும் என்று நீங்கள் நினைத்தால், 2008-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளை வீடு தேடிப் போகும் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, முறையாகப் பேச வைத்தார்கள். அந்தப் பணியாளர்கள் மனநல நிபுணர்கள் கிடையாது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம்.

மருந்து தேவைப்பட்டாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலான தாய்மார்களின் நிலை. உதாரணமாக, செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலக்கிறது. அதனால் பால் கொடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது அதைத்தான். பால் கொடுக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்றதைப் பார்த்து எழுதுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். தெரிந்ததும் நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. சிகிச்சை எடுக்காத சோர்வும் பாலை பாதிக்கும், தாய் குழந்தை உறவையும் பாதிக்கும். மருந்தின் அபாயத்தை மட்டும் ஒரு தட்டில் வைத்துப் பார்க்கிறோம், இன்னொரு தட்டில் நோயை வைக்க மறந்துவிடுகிறோம்.

பெயர் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தை நான் சும்மா ஊதித் தள்ளமாட்டேன். அது இன்னும் நிஜம்தான். அதனால்தான் மருத்துவர் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மமாகவே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில்தான் அதற்கு விலக்கு உண்டு. யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை உங்கள் மகளுக்கு. உங்களுக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ கிடையாது. மகளுக்குத் தெரியாமல் எங்களைப் போன்றவர்களிடம் மருந்து வாங்கிக் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டு வரும் தாய்மார்கள் உண்டு. கூடவே கூடாது. மனநல மருத்துவர் என்றதும் அவள் தயங்கினால், பிரசவம் பார்த்த மருத்துவரிடமே தொடங்குங்கள். எப்படியும் ஆறாவது வாரப் பரிசோதனை வருகிறதே, அதை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டால் போதும்.

உங்கள் கைகள்

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. அவள் கையில் குழந்தை அழுகிறான், நீங்கள் வாங்கியதும் அடங்குகிறான் என்று எழுதினீர்கள். அதில் உங்களுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருக்கிறது, இருக்கட்டும், நியாயமானதுதான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை அது நடக்கிறது? ஒவ்வொரு முறையும் அவள் என்ன பாடம் படிக்கிறாள்? "இவனுக்குக்கூட நான் வேண்டாம்." பால் கொடுக்கும் வேலை ஒன்றுதான் அவளுக்கு என்கிறீர்கள். நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரவு பகல் பார்க்காமல், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் என்று வைத்தால் அதுவே நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அதற்கு மேல் மிச்சமிருப்பதெல்லாம் கொஞ்சுவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும். குழந்தை வளர்ப்பில் இனிப்பான பகுதி முழுவதும் உங்களிடம் வந்துவிட்டது, வலிக்கிற பகுதி மட்டும் அவளிடம் இருக்கிறது.

உதவியைக் குறைக்கச் சொல்லவில்லை. திசையை மாற்றுங்கள் என்கிறேன். பெண் தாயாக மாறும் காலத்துக்கு, சிறுமி குமரியாகும் பருவத்தைப் போலவே ஒரு தனிப் பெயர் வேண்டும் என்று 1973-ல் எழுதியவர் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். தாய்ப்பால் கொடுப்பது நிலைப்பதற்கே, தாயைத் தாய் போலத் தாங்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வேலைக்கு உங்களை விட்டால் யார்? குழந்தைக்குப் பாட்டியாக இருந்தது போதும், கொஞ்ச நாள் மகளுக்கு அம்மாவாக இருங்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? குழந்தை அழும்போது நீங்கள் கை நீட்டாமல் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் முதுகில் கை வையுங்கள். "இப்படிச் சாய்ச்சுப் பாரு" என்று சொல்லித் தரலாம், வாங்கிக்கொள்ள வேண்டாம், அவளே கொடுத்தால் தவிர. ஐந்து நிமிடம் கூடுதலாக அழுவான், ஒன்றும் ஆகாது. குழந்தைகளின் அழுகை பிறந்ததிலிருந்து கூடிக்கொண்டே போய் ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொடும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். நீங்கள் இப்போது அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். "எனக்குத் தெரியாததால்தான் அழுகிறான்" என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். இதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள், பாதி பாரம் இறங்கும். வழக்கத்துக்கு மாறாக விடாமல் வீறிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அது வேறு கதை, மருத்துவரிடம் போங்கள்.

குளிப்பாட்டும் வேலையை அவளிடம் கொடுங்கள், நீங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வருகிற விருந்தினரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். "இப்ப தூங்குறா, அப்புறம் வாங்க" என்று சொல்வதற்கு வயதில் பெரியவர் ஒருவர் வேண்டியிருக்கிறது, அவளால் அது முடியாது. தினமும் ஒரு முறை குழந்தையைப் பற்றிப் பேசாமல் அவளைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவள் பேசினால் தீர்வு சொல்லாதீர்கள். இது உங்களுக்குக் கடினமாக இருக்கும், கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, நீங்கள் எதையும் உடனே சரி செய்துவிடும் ஆள்.

மருமகன் வாசலில் நிற்கிறார்

"அத்தை இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா" என்று மருமகன் ஒதுங்கிவிட்டதாக வருத்தப்படுகிறீர்கள். அவர் ஒதுங்கினாரா, அவருக்கு உள்ளே இடமில்லாமல் போனதா? அக்கறையில்லாதவர் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டிருக்கமாட்டார். குழந்தை பிறந்த வீட்டில் அப்பாக்களுக்கும் சோர்வு வரும், பத்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் அவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பொறுப்பு கொடுக்கும்போது "கொஞ்சம் உதவி பண்ணுங்க மாப்பிள்ளை" என்று சொல்லாதீர்கள். ஒரு வேளையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். இரவு ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை குழந்தை அவர் பொறுப்பு என்று வையுங்கள். அந்த நேரத்துக்கான பாலை முன்பே எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் குழந்தையைக் கொண்டுவந்து படுத்தபடியே பால் கொடுக்க வைத்துவிட்டு, ஏப்பம் விடுவதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் அவர் வேலை. மகள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் இந்த நோயில் மருந்துக்குச் சமமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் துணி கட்டுவது கோணலாக இருந்தால் நீங்கள் எழுந்து போய்ச் சரி செய்யக்கூடாது. இதுதான் நிபந்தனை.

வீட்டுக்கு வெளியே ஒருத்தி

நீங்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவள் சிலவற்றை உங்களிடம் சொல்லமாட்டாள். கத்தியைப் பற்றி மனதில் ஓடியதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? இதே வழியில் போய் மீண்ட இன்னொரு பெண்ணிடம் சொல்வாள். கனடாவின் ஒன்டாரியோவில் மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமுள்ள 701 புதுத் தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு ஒரு தொலைபேசித் தோழி. அவளும் தாய், அவளும் ஒரு காலத்தில் இந்தச் சோர்வில் விழுந்து எழுந்தவள், பயிற்சி என்று பார்த்தால் நான்கு மணி நேரம்தான். பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 25 சதவீதத்தினரின் மதிப்பெண் மனச்சோர்வைக் காட்டியது, தோழி கிடைத்தவர்களில் 14 சதவீதத்தினர்தான். நேரில்கூடப் பார்க்கவில்லை, வெறும் போன் பேச்சு. அவள் தோழிகளில், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்களில், கடந்த மூன்று நான்கு வருடத்தில் பிள்ளை பெற்றவர் ஒருவர் இருப்பார். "அவளுக்கு ஒரு போன் போட்டுப் பேசேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கிளம்பலாமா?

அந்தத் தேதியில் கிளம்ப வேண்டாம். மனச்சோர்வு இருக்கக்கூடிய ஒரு தாயிடமிருந்து, பகல் முழுவதும் கூட இருக்கும் ஒரே ஆளைச் சிகிச்சை தொடங்கும் நேரத்தில் எடுப்பது சரியில்லை. ஆனால் காலவரையின்றி இருந்துவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கணவர் தனியாக இருக்கிறார், உங்களுக்கும் வயது 58, இரவு விழித்து ஐந்து வாரமாகிறது. நீங்கள் விழுந்தால் இந்த வீட்டை யார் தூக்குவது? இன்னும் ஒரு மாதம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அதை மகளிடமும் மருமகனிடமும் சொல்லிவிடுங்கள். இருப்பாரா போவாரா என்ற நிச்சயமின்மையே அவளுக்கு ஒரு பதற்றம். அந்த ஒரு மாதத்தில் வாரத்துக்கு ஒரு வேலையாகக் கைமாற்றுங்கள். நீங்கள் கிளம்புகிற நாளில், நீங்கள் செய்துகொண்டிருந்தது எல்லாம் யாருக்கோ கைவந்திருக்க வேண்டும். பகலில் சில மணி நேரமாவது வந்துபோக ஒரு ஆள் தயாராக இருக்க வேண்டும். மகளே "இனி பார்த்துக்குவேன்" என்று சொல்ல வேண்டும், மருத்துவரும் அதற்குத் தலையாட்ட வேண்டும். அப்படி அமையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அல்லது கணவரை இங்கே வரச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று மகளுடன் மருமகன் உள்ளே போகட்டும். அவள் விரும்பினால் கொஞ்ச நேரம் அவரும் வெளியே வந்து, அவள் தனியாகப் பேசட்டும். நீங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பி வரும் வழியில் கேட்க வேண்டாம்.